இர்க்குன் நஸா: தானே வந்த நோயா, அடிபட்டு வந்த காயமா?

ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 93ஆம் வசனத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், மாணவர்கள் ஒரு சொல்லில் இடறுவதைப் பல ஆண்டுகளாக நாம் கண்டு வருகிறோம். இஸ்ராயீல் என்னும் யஃகூப் (அலை) அவர்கள் தமக்குத் தாமே ஓர் உணவை விலக்கிக்கொண்ட செய்தியை அவ்வசனம் கூறுகிறது. அது ஒட்டக இறைச்சியும் அதன் பாலும் என்றும், இர்க்குன் நஸா என்னும் நோயினால் அவர்கள் துன்புற்றதே அதற்குக் காரணம் என்றும் இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக வரும் அறிவிப்பு திர்மிதியில் உள்ளது. மாணவர்கள் அதனை ‘இர்க்குன் நிஸா’ என்று வாசித்து, பெண்களுக்கு உரிய ஏதோ நோய் என்று பொருள் கொண்டு விடுவார்கள். அவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. யூனானி ஹகீம்களின் பேச்சிலும் உருது மருத்துவ நூல்களின் வழக்கிலும் ‘நிஸா’ என்ற உச்சரிப்பே பரவி நிற்கிறது.

சரியான சொல் ‘நஸா’. இடுப்பிலிருந்து தொடையின் பின்புறமாக இறங்கிக் குதிகால் வரை செல்லும் நரம்பின் பெயர் அது. நஸா என்பதே ஒரு ‘இர்க்’, அதாவது நரம்பு அல்லது நாளம் ஆகையால், இர்க்குன் நஸா என்று சொல்வது ஒரு பொருளை அதனோடே சேர்த்துச் சொல்வதாகும் என்று மொழியறிஞர் சிலர் மறுத்ததுண்டு. இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) (இறப்பு ஹி. 751/ கி.பி. 1350) ஸாதுல் மஆதில் அதற்கு விடை கூறுகிறார்கள். இர்க் என்பது பொது, நஸா என்பது குறிப்பு. பொதுவைக் குறிப்போடு சேர்ப்பது மொழியில் ஆகுமானதே. அதனுடன் ஒரு சொற்பிறப்பையும் எடுத்துத் தருகிறார்கள்: இந்த வலி மற்ற எல்லாவற்றையும் மறக்கச் செய்வதால் மறதியைக் குறிக்கும் வேர்ச்சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததாம். மொழியியலார் இதனை ஏற்பார்களா என்பது வேறு. அந்த வலியைப் பட்டவர்கள் உடனே ஏற்பார்கள்.

யூத, கிறித்தவ வேதத் தொகுப்பின் தொடக்க நூல், 32ஆம் அதிகாரத்தில், இதனையே வேறுவிதமாகச் சொல்கிறது. யஃகூப் (அலை) அவர்கள் இரவு முழுதும் ஒருவரோடு மல்லுக்கட்டியதாகவும், தொடைச் சந்தில் அடிபட்டு விடியலில் நொண்டிச் சென்றதாகவும், அதனால் இஸ்ரவேலர் அந்தத் தொடை நரம்பை உண்பதில்லை என்றும் அங்கே வருகிறது. யூதர்களின் உணவுச் சட்டத்தில் அந்நரம்பு இன்றும் விலக்கப்பட்டதே. அதற்கு அவர்கள் வழங்கும் ‘நாஷெ’ என்னும் எபிரேயச் சொல்லும் நமது ‘நஸா’வும் ஒரே குடும்பத்துச் சொற்கள். மல்லுக்கட்டிய அந்தக் கதையின் தரத்தைப் பற்றி அறிஞர்கள் பேசிவிட்டார்கள். இங்கே நமக்கு அது வேலையன்று. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓர் அறிவிப்பில் நோய் தானே வருகிறது. மற்றொன்றில் அடிபட்டு வருகிறது. ஒரே நரம்பு, ஒரே வலி, இரண்டு காரணங்கள். இந்தக் கேள்வி பழைய ஏடுகளோடு முடிந்துவிட்டது என்றே சில ஆண்டுகளுக்கு முன்வரை நாமும் எண்ணியிருந்தோம்.

நம்மிடம் மூன்றாண்டுகள் ஓதி, குடும்பச் சூழலால் இடையில் நின்றுபோன மாணவர் ஒருவர் அரிசி மண்டியொன்றில் சுமை தூக்கி வந்தார். ஒரு மழை நாளில் 75 கிலோ மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு லாரியிலிருந்து சாய்பலகை வழியே இறங்குகையில், பலகை வழுக்கி இடுப்பு முறுக்கிக்கொள்ள விழுந்தார். குறுக்கு பிடித்துக்கொண்டது என்று எண்ணி ஒரு வைத்தியரிடம் எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டார்கள். ஆறாம் நாள் வலி இடுப்பை விட்டு இடக்காலில் இறங்கியது. மூன்று மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, இடுப்பின் கடைசி எலும்புகளுக்கிடையே வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதாகவும், வட்டுகளில் தேய்மானம் இருப்பதாகவும் அறிக்கை வந்தது. வழக்கு ஜமாஅத்திற்கு வந்தது. நிர்வாகிகள் நம்மையும் அழைத்தார்கள்.

“ஹஜ்ரத், தேய்மானம்னு டாக்டரே எழுதியிருக்காரே. தேய்மானம் ஒரு நாள்லயா வரும்?” என்று மண்டிக்காரர் கேட்டார். அவர் கெட்டவரல்லர், மருத்துவச் செலவில் ஒரு பகுதியைக் கொடுத்தும் இருந்தார். கேள்வி நியாயமாகவே பட்டது. வாதிடுபவர் மீதே ஆதாரம் கடமை என்பது நாம் ஓதிய, ஓதிக்கொடுத்த சட்டம். விழுந்ததைக் கண்டவர்கள் இருவர் இருந்தார்கள். வட்டு அன்றுதான் பிதுங்கியது என்று கண்டவர் யார்? ஆகவே இது பழைய நோய், முதலாளிக்குக் கடமை இல்லை, மனமுவந்து உதவி செய்தால் அவருக்கு நன்மை உண்டு என்று நாம் கருத்துச் சொன்னோம். ஒரு தொகை கைமாறியது. அதனை ஸதக்கா என்ற பெயரிலேயே கொடுத்தார்கள். வாங்கிக்கொண்ட அந்த இளைஞரின் முகம் நமக்கு நினைவிருக்கிறது.

பின்னர் வேறொரு காரணத்திற்காக ஒரு நரம்பியல் மருத்துவரைச் சந்தித்தபோது பேச்சுவாக்கில் இதைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. “உங்கள் இடுப்பை இப்போது படம் எடுத்தால் அதிலும் இதே சொல் இருக்கும்” என்றார். நாம் அறியாத ஒன்றில் தீர்ப்புச் சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. இவ்வலியைப் பற்றி அதன்பின் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் உடலமைப்பு. நமது முதுகெலும்புகளுக்கு இடையே 23 வட்டுகள் உள்ளன. ஒவ்வொரு வட்டும் வெளியே உறுதியான நார் வளையங்களும், உள்ளே நீர் மிகுந்த கூழும் கொண்டது. பனங்காயின் நாருக்குள் நுங்கு இருப்பதைப் போல என்று சொன்னால் ஓரளவு பொருந்தும். முதுகுத்தண்டின் நரம்புத் தொகுதி இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் குதிரை வாலின் மயிரிழைகள் போலத் தொங்கி, ஒவ்வொன்றாக எலும்பிடுக்குகளின் வழியே வெளியேறுகின்றன. இடுப்பெலும்பின் கடைசி இரண்டும், அதன்கீழ் உள்ள திரிக எலும்பின் முதல் மூன்றுமாக ஐந்து வேர்கள் சேர்ந்து உருவாவதே நஸா நரம்பு. உடலில் இதைவிடப் பருமனான நரம்பு வேறில்லை. தொடங்கும் இடத்தில் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். பிட்டத்தின் தசைக்கு அடியில் புகுந்து, தொடையின் பின்னால் இறங்கி, முழங்காலுக்கு மேலே இரண்டாகப் பிரிந்து பாதம் வரை செல்கிறது.

ஆகவே சியாட்டிகா என்பது ஒரு நோயின் பெயரன்று. இந்த வழியில் ஓடும் வலியின் பெயர். இடுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்தது. காய்ச்சல் என்பது எப்படிப் பல நோய்களின் அடையாளமோ, அப்படியே இதுவும். வட்டு பிதுங்கி வேரை அழுத்துவதே பெரும்பாலான காரணம். அதிலும் கடைசி இரண்டு வட்டுகளே மிகுதி. முதியவர்களுக்கு எலும்புக் கால்வாய் குறுகுவதால் வருவதுண்டு. சிலருக்குப் பிட்டத்தின் ஆழத்திலுள்ள தசையொன்று நரம்பை இறுக்குவதால் வரும். கார் மோதலில் முழங்கால் முன்பலகையில் இடித்து, இடுப்பு மூட்டு பின்னோக்கி விலகினால் நரம்பு நேரடியாகவே நசுங்கும். பிட்டத்தில் தவறான இடத்தில் ஊசி போட்டு நரம்பு பழுதாவதும் நம் நாட்டில் அரிதல்ல. ஊசி என்றால் பிட்டத்தில்தான் என்று கேட்டு வாங்கிக்கொள்ளும் நம் மக்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

வலி ஓடும் பாதையே எந்த வேர் பாதிக்கப்பட்டது என்பதைச் சொல்லிவிடும். ஐந்தாம் இடுப்பு வேர் என்றால் வலி காலின் வெளிப்புறமாக இறங்கிப் புறங்காலுக்கு வரும். பெருவிரலை மேலே தூக்கும் வலு குறையும். செருப்பு காலில் நிற்காது. அதற்கு அடுத்த வேர் என்றால் வலி கெண்டைக்கால் வழியே சிறுவிரல் பக்கமும் உள்ளங்காலும் செல்லும். குதிகால் நரம்பில் சுத்தியலால் தட்டினால் பாதம் துள்ளாது. நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கால் மடங்காமல் காலை உயர்த்திப் பார்க்கும் சோதனை ஒன்றுண்டு. நரம்பு இழுபட்டுத் தொடைக்குக் கீழே வலி மின்னலாய் ஓடினால் வேர் அழுத்தப்பட்டிருக்கலாம் என்று பொருள். அது பிரெஞ்சு மருத்துவர் லாசேக் பெயரால் வழங்குகிறது. அதை 1881இல் எழுத்தில் வெளியிட்டவர் அவருடைய மாணவர். இத்தகையவர்கள் ருகூவில் குனியும்போது படும் துன்பத்திற்கும் இதுவே காரணம். முழங்கால் நிமிர்ந்திருக்க இடுப்பு மடங்குவது அந்தச் சோதனையையே நின்றபடி செய்வதாகும். பள்ளியில் நாற்காலியிட்டுத் தொழுகிற இளைஞனை ஓரக்கண்ணால் பார்ப்பவர்கள் இதையும் அறிய வேண்டும்.

நம் முன்னோர் இவ்வலியை நன்கு கவனித்திருந்தார்கள். இப்னு ஸீனா அல்கானூனில் இடுப்பு மூட்டு வலியையும் இர்க்குன் நஸாவையும் பிரித்துக் காட்டுகிறார். அந்தலூஸின் அஸ்ஸஹ்ராவீ தமது அத்தஸ்ரீஃபில் இதற்குச் சூடு போடும் முறையை விவரிக்கிறார். இப்னு மாஜாவில் அனஸ் (ரலி) வழியாக வரும் ஹதீஸ், நாட்டுப்புற ஆட்டின் வால் கொழுப்பை உருக்கி மூன்று பங்காக்கி, நாளுக்கு ஒரு பங்கு வெறும் வயிற்றில் அருந்தச் சொல்கிறது. இப்னுல் கய்யிம் (ரஹ்) இதை விளக்கும்போது, இக்கூற்று அரபு நாட்டவரையும் அவர்களை அடுத்துள்ளோரையும், சிறப்பாகப் பாலைவாசிகளையும் நோக்கியது என்று வரையறுக்கிறார்கள். மருத்துவத்தில் நிலமும் உடலும் பார்த்தே பேச வேண்டும் என்ற அந்தப் பக்குவம் நமக்கு வேண்டும். வட்டு பிதுங்கிய கொழுப்பு நோயாளி ஒருவர் இதைப் படித்துவிட்டுக் கசாப்புக் கடைக்கு ஓடலாகாது.

வலி நரம்பினுடையதே, மூட்டினுடையதன்று என்பதை ஐரோப்பாவில் தெளிவாகப் பிரித்து எழுதியவர் நேப்பிள்ஸ் நகரின் கொட்டூஞ்ஞோ; ஆண்டு 1764. நரம்பை அழுத்துவது எது என்பது தெரிய மேலும் 170 ஆண்டுகள் ஆயின. அறுவையில் எடுக்கப்பட்ட சிறு கட்டிகளைக் குருத்தெலும்புக் கழலை என்றே கருதி வந்தார்கள். பாஸ்டன் நகரின் மிக்ஸ்டர், பார் என்னும் இரு மருத்துவர்கள் அவற்றை மீண்டும் ஆராய்ந்து, அவை கழலையல்ல, பிதுங்கிய வட்டின் துண்டுகளே என்று 1934இல் வெளியிட்டார்கள்.

உழைப்புக்கும் இவ்வலிக்கும் உள்ள தொடர்பை அதற்கு வெகு முன்பே ஒருவர் எழுதியிருந்தார். இத்தாலியின் ரமத்ஸீனி 1700இல் வெளியிட்ட தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலில், கால்மேல் கால் மடித்துக் குனிந்து தைக்கும் தையற்காரர்களுக்குத் தொடை மரத்தலும் நொண்டலும் சியாட்டிகாவும் வருவதைக் குறிப்பிடுகிறார். சுமை தூக்குவோருக்கும் தனி இயல் வைத்தார். பின்னர் இரயில் வந்தது. இரயில் விபத்தில் வெளிக்காயமின்றித் தப்பியவர்கள் முதுகு வலியென்று இழப்பீடு கேட்டபோது, லண்டனின் எரிக்சன் 1866இல் அவர்களுக்காக ஒரு நூலே எழுதினார். பொய்வலி என்று சொன்ன மருத்துவர்களும் இருந்தார்கள். முதுகுவலி காயமா, நோயா, நடிப்பா என்ற வழக்கு அன்று தொடங்கியது. நமது ஜமாஅத்தில் நடந்தது அதன் ஒரு சிறு கிளை.

பாரம் தூக்குவதில் உண்மையில் என்ன நிகழ்கிறது? நேர்குத்தாக எவ்வளவு அழுத்தினாலும் ஆரோக்கியமான வட்டு எளிதில் கிழியாது. எலும்பே முதலில் நொறுங்கும் என்பது ஆய்வுக்கூடத்தில் கண்ட செய்தி. ஆனால் இங்கிலாந்தின் ஆடம்ஸ், ஹட்டன் ஆகியோர் 1982இல் வெளியிட்ட சோதனைகளில், முதுகெலும்பு முன்னுக்கும் பக்கவாட்டிலும் மிகுதியாக வளைந்த நிலையில் அழுத்தம் ஏறும்போது கூழ் பின்பக்கமாகப் பிதுங்கியது. குனிந்து, திரும்பி, பாரத்தோடு இருக்கும் அந்த ஒரு கணமே ஆபத்தானது. சாய்பலகையில் வழுக்கியவரின் நிலை இதுவேதான். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1990களில் வகுத்த கணக்கில், உடலையொட்டி, இடுப்புயரத்தில், திரும்பாமல், எப்போதாவது தூக்குவது என்ற மிகச் சிறந்த சூழலிலேயே பரிந்துரைத்த எடை 23 கிலோ. சூழல் கெடக் கெட அது குறைந்துகொண்டே வரும். 75 கிலோ மூட்டை அதன் மூன்று மடங்கைத் தாண்டுகிறது. மண்டிகளில் ஒருகாலத்தில் 100 கிலோ மூட்டைகளும் புழங்கின என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள்.

லாரி, பேருந்து, டிராக்டர் ஓட்டுவோருக்கு இருக்கையின் அதிர்வே பகை. நாள் முழுதும் முதுகெலும்பில் ஏறும் அந்தக் குலுக்கலுக்கும் இடுப்பு, கால் வலிக்கும் தொடர்புண்டு என்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. வளைகுடாவில் பத்து, பதினைந்து ஆண்டுகள் கனரக வாகனம் ஓட்டிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு ஊர் திரும்பும் நம்மவர்களை எந்தக் கடற்கரை ஊரிலும் காணலாம்.

இங்கே மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பின்லாந்தில் ஒரே கருவில் பிறந்த 115 இரட்டைச் சகோதர இணைகளை ஆராய்ந்து 1995இல் வெளியிட்டார்கள். ஒருவர் வாழ்நாளெல்லாம் பாரம் தூக்கியவர், மற்றவர் அமர்ந்த வேலை பார்த்தவர் என்றிருந்தும், அவர்களுடைய வட்டுகளின் நிலை வியக்கத்தக்க வகையில் ஒத்திருந்தது. வட்டின் பழுதில் தொழிலைவிடப் பரம்பரையின் பங்கே பெரிதெனத் தெரிந்தது. முதலாளியின் வழக்கறிஞர் இந்த ஆய்வைத்தான் எடுத்துக் காட்டுவார்.

ஆனால் அவர் இன்னொரு ஆய்வையும் படிக்க வேண்டும். 1994இல் அமெரிக்காவில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு, அதாவது 52 விழுக்காட்டினருக்கு, ஏதேனும் ஒரு வட்டாவது புடைத்திருந்தது. 27 விழுக்காட்டினருக்கு வட்டு துருத்தியே நின்றது. அவர்கள் நோயாளிகள் அல்லர், நடந்து திரிந்தவர்கள். அந்த நரம்பியல் மருத்துவர் நம்மிடம் சொன்னதன் பொருள் இதுதான். அறிக்கையில் காணும் ‘தேய்மானம்’ என்ற தமிழ்ச் சொல் நம்மை ஏமாற்றுகிறது. செருப்பு தேய்வதைப் போல நெடுநாள் நோயொன்று இருந்ததாக அது எண்ண வைக்கிறது. வயதேற வட்டின் நீர் வற்றுவதையே மருத்துவர்கள் அப்படி எழுதுகிறார்கள். இருபதுகளைத் தாண்டிய பலரிடம் அது தொடங்கிவிடும். தலைமுடி நரைத்தவன் தலையில் கல் விழுந்தால், நரை பழையது, ஆகவே காயமும் பழையது என்று யாரும் சொல்வதில்லை. நாம் சொன்னது ஏறக்குறைய அதுவே.

ஆக, படம் தனியே எதையும் நிறுவாது. எதையும் மறுக்கவும் செய்யாது. வட்டு பிதுங்கியிருப்பதால் மட்டும் விபத்தினால் வந்தது என்று சொல்ல முடியாது. தேய்மானம் இருப்பதால் மட்டும் விபத்தினால் அன்று என்றும் சொல்ல முடியாது. சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது. விழுவதற்கு முன் அவர் வலியின்றி முழு வேலை செய்து வந்தாரா? விழுந்த விதம் இடுப்பை வளைத்து முறுக்கக் கூடியதா? இடுப்பு வலி உடனேயும், கால் வலி சில நாள், சில வாரங்களுக்குள்ளும் வந்ததா, அல்லது ஓராண்டு கழித்தா? வலி ஓடும் பாதையும், விரலின் பலவீனமும், படத்தில் அழுந்தியுள்ள வேரும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா? இந்நான்கும் ஒத்துவந்தால் விபத்தே நோயை உண்டாக்கியது, அல்லது உறங்கியதை எழுப்பியது என்று நேர்மையான மருத்துவர் எழுதத் தயங்கமாட்டார். அந்த இளைஞருக்கு நான்கும் ஒத்திருந்தன. இரு சாட்சிகள் விழுந்ததைக் கண்டவர்கள். ஆறாம் நாள் வலி இறங்கியதை வீட்டாரும் வைத்தியரும் அறிவார்கள். ஆதாரம் இல்லாமற் போகவில்லை. எது ஆதாரம் என்று நமக்குத்தான் தெரியவில்லை.

சட்டம் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையிலிருந்து எழுந்து, வேலையின்போது நேர்ந்த விபத்துக் காயத்திற்கு முதலாளியைப் பொறுப்பாக்கியது. முதலாளி தவறு செய்தாரா என்று அது கேட்கவில்லை. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இந்த அடிப்படையையே எடுத்துக்கொண்டது. கை போனால் இவ்வளவு, கண் போனால் இவ்வளவு என்று பட்டியலிட்ட காயங்களுள் வட்டுப் பிதுக்கம் இல்லை. பட்டியலில் இல்லாதவற்றுக்கு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதைத் தகுதிபெற்ற மருத்துவர் மதிப்பிட வேண்டும் என்பது விதி. நம் பிக்ஹு நூல்களின் ஜினாயாத் பாடத்தை ஓதியவர்களுக்கு இது புதிதாக இராது. குறித்த அர்ஷ் வரையறுக்கப்படாத காயங்களுக்கு, அறிந்தவரின் மதிப்பீட்டால் ஹுகூமத்து அத்ல் தீர்மானிப்பதை அங்கே படிக்கிறோம். 2010இல் உச்ச நீதிமன்றம் ஒரு மோட்டார் விபத்து வழக்கில், உடல் ஊனத்தின் விழுக்காடும் வருமான இழப்பின் விழுக்காடும் ஒன்றல்ல என்று விளக்கியது. ஒரே கையிழப்பு ஓட்டுநருக்கும் தச்சருக்கும் பிழைப்பையே பறிக்கலாம். எழுத்தருக்கு ஊதியம் குறையாமலும் இருக்கலாம். பெருவிரல் தூக்காத கால் நமக்குச் சங்கடம். சாய்பலகையில் ஏறுபவருக்கு வேலை நீக்கம்.

அத்துமீறல் இல்லாத முதலாளி மீது பிக்ஹில் ளமான் உண்டா என்று ஆலிம்கள் கேட்கலாம். நாமும் அன்று அதை மனத்தில் வைத்தே பேசினோம். பலகையின் குறுக்குச் சட்டம் உடைந்திருந்ததை மண்டிக்காரர் அறிந்தேயிருந்தார் என்பது பின்னர்தான் நம் காதுக்கு வந்தது, நாம் கேட்கவேயில்லை. அதுவன்றி, ஒரு நாட்டின் தொழிற்சட்டத்துக்கு உட்பட்டு ஆளை வேலைக்கு வைப்பவர் அதன் நிபந்தனைகளையும் ஒப்பந்தத்தோடு ஏற்றவராகிறார் என்பதே நமது கருத்து. நாம் செய்த பெரிய பிழை தொகையில் அன்று. ஒருவருடைய ஹக்கை ஸதக்கா என்று பெயர் மாற்றிக் கொடுக்கச் செய்ததில்.

அடிபட்ட அன்றே செய்ய வேண்டியவை சில உள்ளன. எண்ணெய்க் கட்டுக்குப் போகுமுன் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எங்கே, எந்த வேலையில், எப்படி விழுந்தார் என்பதை விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்து, ஏ.ஆர். நகல் என்று வழங்கும் அதன் படியை வாங்கி வைக்க வேண்டும். சாலை விபத்தாயின் முதல் தகவல் அறிக்கை. ‘வீட்டில் வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்லும்படி மேற்பார்வையாளர் கேட்டால் இணங்கலாகாது. பின்னால் அந்த ஒரு வரியே வழக்கைக் கொன்றுவிடும். வலி காலுக்கு இறங்கிய நாளைக் குறித்து வைத்து, அடுத்த சீட்டில் எழுதச் செய்ய வேண்டும். சுமை தூக்குவோர் 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்படி அமைந்த நலவாரியத்தில் பதிவு செய்துகொள்ள இயலும். நம் இளைஞர் அதைக்கூடச் செய்திருக்கவில்லை.

மருத்துவத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில், கத்தியின்றியே வலி தணிகிறது. பிதுங்கிய துண்டை உடலே மெல்லக் கரைத்துவிடுகிறது. இரண்டு வாரம் படுத்துக் கிடப்பதால் பயனில்லை என்பது 1999இல் நெதர்லாந்து ஆய்வில் தெரிந்தது. தாங்குமளவு நடமாடுவதே நல்லது. அந்நாட்டிலேயே கடும் வலியுள்ள 283 பேரை வைத்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், விரைவில் அறுவை செய்தோருக்கு வலி சீக்கிரம் நீங்கியது. ஓராண்டு முடிவில் இரு சாராரும் சமமாயினர். ஆனால் இரண்டு கால்களும் வலுவிழந்தாலோ, சேணத்தில் அமருமிடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ, அறியாமல் கசிந்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. குதிரைவால் நரம்புகள் மொத்தமாக நசுங்குவதன் அறிகுறி அது. மணிக்கணக்கில் அறுவை செய்யாவிடில் நிரந்தரப் பழுதாகிவிடும். பெண்களும் வெட்கத்தால் இதை மறைத்துவிடுகிறார்கள்.

அந்த மருத்துவரைச் சந்தித்து வந்தபின் ஜமாஅத் நிர்வாகிகளிடம் சென்று, நமது கருத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தோம். மண்டிக்காரருக்கு வருத்தம்தான், இரண்டு ஜும்ஆக்கள் நம்மோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே மருத்துவரின் மதிப்பீட்டுக்குச் சம்மதித்தார். முன்பு கொடுத்ததைக் கழிக்காமல் புதிய தொகை கணக்கிடப்பட்டது. ஸதக்காவைக் கடனில் வரவு வைக்க முடியாது என்று சொன்னவரும் அவர்தான். சாய்பலகையில் புதிய குறுக்குச் சட்டங்கள் அடிக்கப்பட்டன.

அந்த மாணவர் இப்போது அதே கடைத்தெருவில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். வலி போய்விட்டது. இடக்கால் பெருவிரல் மட்டும் இன்னும் முழுதாக எழவில்லை; அந்தக் காலுக்குப் பின்வார் வைத்த செருப்பு அணிகிறார். சென்ற ரமளானில் நாம் அவர் கடைக்குப் போனபோது, அந்த 93ஆம் வசனத்தை நினைவுபடுத்தி, “ஹஜ்ரத், நீங்க பாடம் நடத்தினப்போ நானும் ‘நிஸா’ன்னுதான் ஓதினேன்” என்றார்.